வெட்டினால் ஒட்டும் கை

தவசிக்கனி சீவிக் கொடுத்த இளநீர், வாங்கியவர் ஸ்ட்ரா போடுவதற்குள் வாயை மூடிக்கொண்டது ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு. சங்குமுனையில் அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது, உப்பு லாரிகள் வழக்கம்போலத் தார்ப்பாயைச் சரியாகக் கட்டாமல் ரோடு நெடுக வெள்ளையாகச் சிந்திக்கொண்டு போயின, குடிக்க நின்ற லாரி டிரைவர் காயை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற காய் வெட்டுங்க அண்ணாச்சி, இது மூடிட்டு" என்றார், அவ்வளவுதான். இரண்டாவது காயும் மூடிக்கொண்டது. மூன்றாவது காய் அவர் கண் முன்னாலேயே, தூக்கம் வந்த பிள்ளை வாயை மூடுவதுபோல மெதுவாக மூடியது. டிரைவருக்கு நேரமாகிவிட்டதால் எதிர்க்கடையில் சோடா குடிக்கப் போய்விட்டார்.

அவர் பெண்சாதி உலகம்மாளுக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. அன்று காலைதான் ஒரு லோடு காய் இறக்கியிருந்தார்கள், அத்தனையும் வெயிலில் கிடந்தால் என்ன ஆகும், வீட்டுக்காரர் இனி என்ன வேலைக்குப் போவார், வேலை இல்லாத ஆம்பிளையைப் பழைய ஆட்கள் தேடி வந்தால் என்ன சொல்லி அனுப்புவது என்று அவள் மனசு ஒரே மூச்சில் பத்து இடத்துக்குப் போய்த் திரும்பியது. அவள் அப்படித்தான், கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். அரிவாளைப் புருஷன் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு காயைச் சீவினாள். திறந்தது. திறந்தபடியே இருந்தது. அப்போது தெரிந்துபோனது, விஷயம் அரிவாளில் இல்லை, கையில் இருக்கிறது என்று.

அது என்ன கை என்று ஊருக்குத் தெரியும். குணசீலன் அண்ணாச்சி கூட்டத்தில் இருந்த காலத்தில் ஏழு கழுத்தை ஒரே வெட்டில் சாய்த்த கை அது. ஏழாவது வெட்டுக்குப் பிறகு பதினோரு வருஷம் சிறையில் பாய் முடைந்துவிட்டு, நரைத்த தலையோடு வந்து இறங்கிய அன்றைக்கு, இனி மனுசன் மேல் இரும்பு வைக்கமாட்டேன் என்று தவசிக்கனி சொன்னார். உலகம்மாள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை, சோற்றைப் போட்டாள்.

வீட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வெங்காயம் நறுக்குவது அவள் வேலையாயிற்று, ஏனென்றால் அவர் நறுக்கிய வெங்காயம் தட்டிலேயே முழு வெங்காயமாகி உருண்டது. அவர் கை நகத்தையும் அவளே வெட்டினாள். அவர் கையில் பிளேடோ, கத்தியோ, கத்தரிக்கோலோ, வெட்டுகிற பொருள் எதுவாக இருந்தாலும், அது பட்ட இடம் ஒட்டிக்கொண்டது.

உப்பளத்தில் வேலை செய்கிற சந்தனமாரிதான் அதை முதலில் பிரயோசனப்படுத்தியவள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் குதிகால், கோடையில் காய்ந்த குளம் மாதிரி வெடித்திருந்தது, ஒவ்வொரு வெடிப்பிலும் உப்பு இறங்கி எரிகிற எரிச்சலில் அவள் நடக்கிறதே ஒரு ஆட்டமாக இருக்கும். ஒரு சனிக்கிழமை வந்து அவர் முன்னால் காலை நீட்டி, "உங்க அரிவாள வச்சு இதுல ஒரு இழு இழுங்களேன், போனா போட்டும்" என்றாள். இழுத்தார். வெடிப்பு மூடியது. அவள் எழுந்து இரண்டு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு, போய்த் தன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்டது, தெருவுக்குப் புதிதாகக் குடிதண்ணீர்க் குழாய் வந்தால் எப்படிப் பழகுமோ அப்படி. சனிக்கிழமை காலுக்கு, செவ்வாய்க்கிழமை மீன் வலைக்கு என்று இளநீர்க் கொட்டகையில் ஒரு சிலேட்டு தொங்கியது. தையல்காரரும் செருப்புத் தைப்பவரும் சேர்ந்து வந்து, இப்படியே போனால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டதால், துணியும் செருப்பும் தொடுவதில்லை என்று தவசிக்கனி ஒத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை கிழிந்துபோன இந்தியா வரைபடத்தைக் கொண்டுவந்தார், அது ஒட்டியதில் இரண்டு மாநிலத்துக்கு நடுவே இருந்த கோடு ஒன்று காணாமல் போனது, அதைப் பேனாவால் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பாகப்பிரிவினை செய்த அண்ணன் தம்பி இருவர் நிலத்து வரப்பை அவர் தெரியாமல் மண்வெட்டியால் கொத்தப்போய் வரப்பே இல்லாமல் ஒரே நிலமாகி அடிதடி ஆனதில், நிலத்தைத் தொடுவதில்லை என்றும் முடிவாயிற்று. ஆஸ்பத்திரி நர்சம்மா கால்வெடிப்புக்காரர்களை இங்கே அனுப்பினார், ஆனால் சீட்டில் எழுதித் தரமாட்டார்.

அவர் அந்தக் காலத்தில் வெட்டிய ஏழு பேரில் நாலாவது ஆளின் பெண்சாதியும் ஒரு சனிக்கிழமை வரிசையில் வந்து உட்கார்ந்தாள். தவசிக்கனிக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உலகம்மாளுக்கும் தெரிந்தது, ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது. அவர் குனிந்து, மற்றவர்களுக்குச் செய்வதைவிட மெதுவாக, இரண்டு குதிகாலிலும் ஒவ்வொரு வெடிப்பாக இழுத்தார். முடிந்ததும் அந்த அம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"இந்தக் கை அன்னைக்கே இப்படி ஆயிருக்கக் கூடாதா" என்றாள். போய்விட்டாள்.

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

இப்படி மூன்று வருஷம் போன பிறகு, ஒரு மத்தியான நேரம், வெள்ளைக் கார் வந்து கொட்டகை முன்னால் நின்றது. குணசீலன் இறங்கினார். எழுபதை நெருங்குகிற ஆள், வெள்ளைச் சட்டையில் மேல் இரண்டு பட்டனை எப்போதும் போடமாட்டார், ஏனென்றால் இடது காதடியிலிருந்து தொண்டை வரை தாம்புக்கயிறு கனத்தில் ஒரு தழும்பு ஓடியது, அது தெரியவேண்டும். அந்தத் தழும்புதான் அவருக்குச் சொத்து. கடற்கரை நெடுக எத்தனை கூட்டம் உண்டோ அத்தனைக்கும் ஒரே சட்டம்: உப்புக்கரை மாடன் முன்னால் ஒரு தலையைச் சாய்க்க ஒத்துக்கொண்டு வெற்றிலை எடுத்தால், எடுத்தவன்தான் வெட்டவேண்டும், ஒரு வெட்டுத்தான் வெட்டவேண்டும். வெட்டு விழுந்த பிறகும் ஒருவன் எழுந்துவிட்டால் அவனை மாடன் விட்டுவிட்டான் என்று அர்த்தம், ஆயுசுக்கும் அவனை எவனும் தொடக்கூடாது. குணசீலன் முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி எழுந்தவர். அதனால்தான் அத்தனை பகையையும் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் காரை விட்டு இறங்கி நடந்தார்.

வந்தவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உலகம்மாள் சீவிக் கொடுத்த இளநீரைக் குடித்து முடித்தபின் விஷயத்துக்கு வந்தார். உப்புக் கம்பெனி எடைமேடையில் கணக்கராக இருக்கிற அமலதாஸ், போன வருஷம் உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவியின் மேல் லாரி ஏறியதைப் பார்த்தவர். லாரி ஒருமுறை இடித்ததோடு நிற்காமல் பின்னால் வந்து இரண்டாம் முறை ஏறியதையும், டிரைவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதையும் பார்த்தவர். வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள் கோர்ட்டில் அதைச் சொல்லப்போகிறார். வீட்டு வாசலில் எந்நேரமும் போலீஸ்.

"ஆனா சனிக்கிழம ஆனா உங்கிட்ட வருதான்" என்றார் குணசீலன். "போலீஸ்காரனையும் கூட்டிக்கிட்டே வந்து கால நீட்டுதான். ஊரே உன் அரிவாளுக்குக் கால நீட்டுது தவசி. இப்படி ஒரு ஆளு எனக்கு எங்க கிடைப்பான்? அவன் கால நீட்டட்டும். நீ கழுத்தப் பாரு."

"என் கை இப்ப வெட்டாது அண்ணாச்சி."

"நல்லாகணும்னு நினைச்சு இழுக்க, ஒட்டுது. கொல்லணும்னு நினைச்சு ஓங்கிப் பாரு, கை தானாப் பழசுக்கு வரும். கை என்னல செய்யும், மனசு சொன்னதத்தான் கேக்கும்."

தவசிக்கனி காலி இளநீர்க் கூட்டை எடுத்து ஓரமாகப் போட்டார். குணசீலன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இது முடியாதென்றால் வெளியூரிலிருந்து இரண்டு பேர் வருவார்கள், அமலதாசுக்கு ஒருத்தன், உனக்கு ஒருத்தன் என்று, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு உலகம்மாள் பக்கம் திரும்பினார்.

"தனியா இருந்து கஷ்டப்பட்டத போன தடவையே பாத்தாச்சே தங்கச்சி. இன்னொரு தடவ எதுக்கு?"

கார் போன பிறகு உலகம்மாள் மளமளவென்று துணிகளை மடிக்கத் தொடங்கினாள். திருப்பூரில் அவள் தம்பி இருக்கிறான், பனியன் கம்பெனியில் வேலை கிடைக்கும், மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போய்விடலாம், கோழிகளைச் சந்தனமாரியிடம் விட்டுவிடலாம், கோழி முட்டையிடாமல் போனாலும் போகட்டும். தவசிக்கனி வாசல்படியில் உட்கார்ந்து அவள் மடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நாம போயிருவோம் உலகு. அமலதாஸ் எங்க போவாரு?"

அவள் கை நின்றது.

அவர் நினைப்பது என்ன என்று அப்போதுதான் சொன்னார். வெற்றிலையை அவரே எடுப்பார். எடுத்துவிட்டால் வெளியூர்க்காரன் வரமுடியாது. எல்லாரும் பார்க்க, முறையாக, ஓங்கி ஒரு வெட்டு வெட்டுவார். கை ஒட்டிவிட்டால் அமலதாஸ் வெட்டு வாங்கி எழுந்த ஆள், அப்புறம் குணசீலனே நினைத்தாலும் தொடமுடியாது, ஏனென்றால் அந்தச் சட்டத்தை உடைத்தால் முதலில் திறப்பது குணசீலன் கழுத்துதான்.

"ஒட்டலைன்னா?" என்றாள்.

அது அவருக்குத் தெரியவில்லை. குதிகாலில் வைத்துப் பார்த்திருக்கிறார், கழுத்தில் வைத்துப் பார்க்கவில்லை. தடவுகிற மாதிரி இழுத்தால் அதை வெட்டு என்று குணசீலன் ஒத்துக்கொள்ளமாட்டார், தன் கையில் வளர்ந்த ஆளின் வெட்டு அவருக்கு நன்றாகத் தெரியும். பழைய நினைப்போடுதான் ஓங்கவேண்டும்.

உலகம்மாள் அடுப்படிக்குப் போனாள், மீன் வெட்டுவதற்கு வைத்திருந்த பழைய அரிவாளை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள், முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற அவளுக்கு அந்த நேரம் பயமே வரவில்லை, அதை நினைத்துத்தான் பின்னால் பல நாள் பயந்தாள்.

"எங்கழுத்துல வச்சுப் பாருங்க."

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். "உன்ன நினைச்சா அந்த நினைப்பு வராது உலகு. வராத நினைப்ப வச்சுக்கிட்டு என்னத்தச் சோதிக்க?"

உலகம்மாள் நிமிர்ந்தாள். பிறகு அவள் முடியை அள்ளி முடிந்துகொண்டு, அப்படியானால் அமலதாசிடம் கேட்டுவிடவேண்டும் என்றாள். அவர் கழுத்து, அவரிடம் கேட்காமல் இவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணுவதற்கு இது என்ன இளநீரா.

மறுநாள் காலையில் ஒரு தூக்கில் மீன்குழம்பை எடுத்துக்கொண்டு அமலதாஸ் வீட்டுக்குப் போனாள். வாசலில் காவலுக்கு நின்ற வேல்சாமி ஏட்டு தூக்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். அமலதாஸ் ஒல்லியான மனுசர், ஆயுசு முழுக்க ஏற்று எடையும் இறக்கு எடையும் பார்த்த ஆள், எதைச் சொன்னாலும் அதில் லாரி எடை எவ்வளவு, உப்பு எடை எவ்வளவு என்று கழித்துப் பார்த்துத்தான் பேசுவார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், ஒட்டாமல் போகலாம் என்பதை இரண்டு தரம் சொன்னாள். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"கோர்ட்டு வரைக்கும் போலீஸ் வரும்க்கா. சொல்லிட்டுத் திரும்பி வந்த பொறவு யாரு வருவா?" என்றார். "நான் சொல்லாம இருக்கப்போறதில்ல. அந்தம்மா லாரிக்கு அடியில கிடந்தப்பவும் என்னத்தான் பாத்துச்சு." பிறகு இன்னும் கொஞ்சம் யோசித்து, சனிக்கிழமை கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவதாகவும், நாலு பேர் பார்க்காத வெட்டை வெட்டே இல்லை என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்றும் சொன்னார். அவள் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "பழைய சட்டையப் போட்டுக்கிட்டு வாரேன். நல்ல சட்டையில ரத்தம் பட்டா வீட்டுல கத்துவா" என்றார்.

வியாழக்கிழமை உச்சிப் பொழுதில் உப்பள வரப்பில் மாடன் முன்னால் வெற்றிலை வைத்தார்கள். குணசீலனின் ஆட்கள் ஏழு பேர் சுற்றி நின்றார்கள். உலகம்மாள் பொம்பிளைகள் நிற்கவேண்டிய தூரத்தில் நின்றாள். தவசிக்கனி வெற்றிலையைத் தொடுமுன் சட்டத்தை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார், பதினோரு வருஷம் உள்ளே கிடந்ததில் மறந்துவிட்டது என்றார். குணசீலனுக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சட்டத்தைச் சொல்ல அவருக்கு எப்போதுமே பிடிக்கும். தாடையைத் தூக்கித் தழும்பை வெயிலில் காட்டிக்கொண்டு, ஒரு தலைக்கு ஒரு வெட்டு, எழுந்தவனை எவனும் தொடக்கூடாது, தொட்டவன் மாடனுக்கு எதிரி, அது நானாக இருந்தாலும் என்று, ஏழு பேருக்கும் மாடனுக்கும் கேட்கச் சொன்னார். தவசிக்கனி வெற்றிலையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வரிசை ரோடு வரை நின்றது. எதிரே புளியமரத்தடியில் வெள்ளைக் கார். வேல்சாமி ஏட்டு பூட்சைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் வெடிப்பு. அமலதாஸ் கழுத்துப்பட்டி கிழிந்து தொங்குகிற ஒரு பழைய நீலச் சட்டையில் வந்தார், முக்காலியில் உட்கார்ந்தார், காலை நீட்டாமல் தலையைக் குனிந்தார்.

உலகம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் முன்பு பார்த்திருக்கிறாள். சிறைக்குப் போவதற்கு முந்தைய காலத்தில், சில நாள் வீட்டுக்கு வந்து, சோறு போடும்போது அவள் நிமிர்ந்து பார்க்காமலே பரிமாறிய முகம் அது. நினைப்பு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இனி எதுவும் நம் கையில் இல்லை என்றும் தெரிந்தது. அரிவாள் அவர் தலைக்கு மேலே போய், வெயிலில் ஒருதரம் மின்னி, உப்பளத்துக் காற்றை ஒரு துணியைக் கிழிப்பதுபோலக் கிழித்துக்கொண்டு இறங்கி, அமலதாசின் கழுத்துக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. அது போன பாதையில் முதலில் ஒரு சிவப்புக் கோடு, பிறகு ஒரு வெளுத்த கோடு, பிறகு வெறும் தோல். போகிற போக்கில் அது சட்டையின் கழுத்துப்பட்டியையும் தொட்டிருந்தது, ஆறு வருஷமாகக் கிழிந்து தொங்கிய பட்டி கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி ஒட்டிக்கொண்டது.

அமலதாஸ் நிமிர்ந்து, எச்சிலை விழுங்கிப் பார்த்தார். இறங்கியது.

"ஒரு வெட்டு" என்று உலகம்மாள் சத்தமாகச் சொன்னாள், கார் வரை கேட்கும்படி. "எல்லாரும் பாத்துக்கிடுங்க. ஒரு வெட்டு விழுந்துட்டு. ஆளு எந்திச்சாச்சு."

வேல்சாமி ஏட்டு ஒற்றைக்காலில் பூட்சை மாட்டிக்கொண்டு ஓடிவந்து விசில் அடித்தார், நோட்டை எடுத்தார், காயம் எங்கே என்று தேடினார், காயம் இல்லாத வெட்டை எந்தப் பிரிவில் எழுதுவது என்று தெரியாமல் திரும்பவும் போய் வரிசையில் உட்கார்ந்தார்.

காரிலிருந்து குணசீலன் இறங்கி வந்தார், பின்னால் ஏழு பேரும். இது மொட்டை அரிவாள், கண்கட்டு வேலை என்று பிடுங்கி விரலை ஓட்டிப் பார்த்தார், ரத்தம் கொட்டியது. அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அரிவாளைத் திரும்பத் தவசிக்கனி கையில் திணித்தார்.

"எங்கழுத்துல வை. எல்லாரும் பாக்க வை. இது கத்தியா, பொம்மையான்னு எந்தோலுக்குத் தெரியும்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார் தவசிக்கனி. "அது போயிரும்."

எது போய்விடும் என்று கேட்கிற நிதானம் குணசீலனுக்கு இல்லை. தவசிக்கனியின் மணிக்கட்டைப் பிடித்துத் தானே இழுத்து, அரிவாளைத் தழும்பின் மேல் அழுத்தி, காதடியிலிருந்து தொண்டை வரை ஓட்டினார். அரிவாள் போன பிறகு அந்த இடத்தில், முப்பது வருஷமாக எத்தனையோ பேரைத் தள்ளி நிற்க வைத்த தாம்புக்கயிறு இல்லை. பச்சைப் பிள்ளையின் கழுத்து மாதிரி வழுவழுவென்று ஒரு கழுத்து இருந்தது, வெட்டே விழாத கழுத்து.

ஏழு பேரும் அதைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குணசீலன் கழுத்தைத் தடவினார். கார்க் கண்ணாடி வரை நடந்துபோய்க் குனிந்து பார்த்தார். மேல் இரண்டு பட்டனையும் போட்டுக்கொண்டு ஏறினார். அவரோடு நாலு பேர்தான் ஏறினார்கள்.

திங்களுக்கு அடுத்த திங்கள் அமலதாஸ் சாட்சி சொன்னார், அதே நீலச் சட்டையில். போலீஸ் இல்லாமல் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார்.

அதன் பிறகு தவசிக்கனி பழைய தொழிலுக்கே போனார் என்று சொன்னால் அது பொய் இல்லை. கடற்கரையில் எந்தத் தலைக்கு வெற்றிலை வைத்தாலும், சேதி தெரிந்த அன்றே மாடன் முன்னால் போய் நின்று, மற்றவன் கை நீட்டுமுன் அவர் எடுத்தார். அவரைவிடப் பழைய கை இல்லை என்பதால் யாரும் மறுக்க முடியவில்லை. யார் தலைக்கு எடுத்தாரோ அவர் வீட்டுக்கு உலகம்மாள் தூக்கோடு போய் எல்லாவற்றையும் சொல்லி, ஒட்டாமல் போகலாம் என்பதை இரண்டு தரம் சொல்லி, சனிக்கிழமைக்கு வரச்சொன்னாள். ஆறு மாதத்தில் பதினான்கு தலை. அத்தனை வெட்டு வெட்டிய ஆள் அந்தக் கரையில் அதற்கு முன் கிடையாது. அத்தனை பேரும் கழுத்தைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

பதினைந்தாவது வெற்றிலை குணசீலன் தலைக்கு வந்தது. ஜாமீனில் இருந்தார் அப்போது. பழைய பகை ஒன்று, தழும்பு இல்லை என்று கேள்விப்பட்டு வைத்த வெற்றிலை. அன்று தவசிக்கனி மாடனிடம் போகாமல் வீட்டுக்கு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, உலகம்மாளைப் பார்த்தார்.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தங்கச்சி என்று குணசீலன் கூப்பிட்ட விதம் ஞாபகம் வந்தது. சங்கத் தலைவி மேல் லாரி இரண்டாம் முறை ஏறியது ஞாபகம் வந்தது. அந்தாளுக்கு ஒட்டவேண்டும் என்று யார் அழுதார்கள், ஒட்டிவிட்டால் நாளைக்கு நம்மையே என்ன செய்வானோ, ஒட்டாமல் போனால் இவர் திரும்ப உள்ளே போகவேண்டுமே என்று கீரை தீரும்வரை கவலைப்பட்டாள். நாலாவது ஆளின் பெண்சாதி சொன்னதும் ஞாபகம் வந்தது. கடைசிக் காம்பை எறிந்துவிட்டு எழுந்தாள்.

"எடுத்துருங்க" என்றாள். "நான் போய்ச் சொல்லுதேன். கோர்ட்டு கொடுக்கிறத அவரு இருந்துதான் வாங்கணும்."

சனிக்கிழமை வரிசை ரோடு வரை நின்றது. குணசீலன் காரைத் தூரத்திலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார், கூட ஒருத்தரும் இல்லை. நேரே கொட்டகைக்குள் நுழையப்போனவரைச் சந்தனமாரி தடுத்து, காலையிலிருந்து நிற்கிறோம், பின்னால் போங்கள் என்றாள். அவர் பின்னால் போய், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உப்பளத்துப் பெண்களுக்குப் பின்னால் வெயிலில் நின்றார். உலகம்மாள் வரிசை நெடுகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தவள், அவர் முன்னால் வந்ததும் செம்பை நீட்டினாள்.

"பழைய சட்டதான போட்டிருக்கீய?"

"ஆமா தங்கச்சி" என்றார் குணசீலன்.